ஹெலன் கெலரின் ரீச்சர்

எமது பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குப் பிரபலமான ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தரும்படி மலர்க்குழுவினர் கேட்டபோது, மருத்துவத் துறையைச் சேர்ந்த ஒருவரைப் பற்றி எழுதலாம் என்றே முதலில் நினைத்தேன். பின்னர், வீட்டு அலுமாரியைத் துப்புரவாக்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, 1997ஆம் ஆண்டுப் பரிசளிப்பு விழாவில் எனக்குக் கிடைத்த புத்தகம் கையில் அகப்பட்டது. ஹெலன் கெலரைப் பற்றிய சிறிய புத்தகம் அது. முதற்பக்கத்தில் கல்லூரி முத்திரையும், என் பெயரும், விஞ்ஞான பாடத்துக்கான பரிசு என்ற குறிப்பும் உள்ளன. அந்தக் கையெழுத்து யாருடையது என்பது என் காலத்து மாணவிகளுக்குப் பார்த்தவுடனேயே தெரியும். எங்கள் கொப்பிகளில் சிவப்பு மையில் அதை நாங்கள் போதுமான அளவு பார்த்திருக்கிறோம்.

பதினேழு வயதில் வாசித்தபோது அது ஹெலன் கெலரின் கதையாக இருந்தது. பார்வையும் செவிப்புலனும் இழந்த ஒரு சிறுமி பல்கலைக்கழகப் பட்டம் பெற்றுப் புகழடைந்தார் என்ற அளவில் மனத்தில் பதிந்தது. நாற்பதைக் கடந்தபின் மீண்டும் வாசித்தபோது அது இன்னொருவரின் கதையாகத் தெரிந்தது. அவர் பெயர் ஆன் சலிவன். ஹெலன் அவரைக் கடைசிவரை, நாங்கள் எங்கள் ஆசிரியைகளை அழைத்தது போலவே, ரீச்சர் என்றுதான் அழைத்தார். அந்த ரீச்சரின் வாழ்க்கையையே இங்கு எழுதுகிறேன்.

ஆன் சலிவன் 1866 ஏப்ரல் 14ஆம் திகதி அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்தில் ஃபீடிங் ஹில்ஸ் என்ற ஊரில் பிறந்தார். பெற்றோர் அயர்லாந்திலிருந்து பிழைப்புத் தேடிக் குடியேறிய ஏழைகள். ஐந்து வயதளவில் அவருக்கு ட்ரக்கோமா என்ற கண்நோய் தொற்றியது. இமையின் உட்புறம் மீண்டும் மீண்டும் புண்ணாகித் தழும்பேற, இமை உட்புறமாக மடிந்து, இமைமயிர்கள் கண்ணின் கருவிழியை உரசிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு இமைப்பும் கண்ணில் மண் விழுந்தாற்போல நோகும். இன்று நுண்ணுயிர்க்கொல்லி மருந்தால் தொடக்கத்திலேயே குணமாக்கக்கூடிய இந்த நோய்க்கு அன்று மருந்து இல்லை. அவரது பார்வை மெல்ல மெல்ல மங்கியது.

எட்டு வயதில் தாயைக் காசநோய்க்குப் பறிகொடுத்தார். தந்தையால் பிள்ளைகளைப் பராமரிக்க முடியவில்லை. 1876 பெப்ரவரியில், பத்து வயது நிரம்பாத ஆனும் அவரது தம்பி ஜிம்மியும் ரியூக்ஸ்பெரி என்ற இடத்திலிருந்த அரசாங்க ஏழைகள் விடுதியில் சேர்க்கப்பட்டார்கள். முதியவர்கள், மனநோயாளர், தொற்றுநோயாளர், கைவிடப்பட்ட கர்ப்பிணிகள் என ஆதரவற்ற எல்லோரையும் ஒன்றாக அடைத்துவைத்த இடம் அது. ஜிம்மிக்கு இடுப்பு மூட்டில் காசநோய் இருந்தது. சேர்ந்து சில மாதங்களுக்குள் அவன் இறந்துபோனான். உலகில் தனக்கென்று இருந்த ஒரேயொரு உயிரையும் இழந்து, ஏறக்குறையப் பார்வையற்ற நிலையில், ஆன் அங்கே நான்கு ஆண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். எழுத்துக் கற்பிக்க அங்கு எவரும் இல்லை.

பார்வையற்றோருக்கென்று பாடசாலைகள் உண்டு என்பதை விடுதியில் இருந்தவர்கள் சொல்லக் கேட்டிருந்தார். 1880இல் அந்த விடுதியைப் பார்வையிட அரச அதிகாரிகள் குழுவொன்று வந்தது. அவர்கள் ஒவ்வொரு விடுதியறையாகப் போகப் போக ஆன் பின்னாலேயே போனார். அவர்கள் புறப்படும் வேளையில், முகம் தெரியாத அந்தக் கூட்டத்தினுள் பாய்ந்து, தனக்குப் பள்ளிக்கூடம் போக வேண்டும் என்று அழுது கேட்டார். குழுவின் தலைவராக இருந்த ஃபிராங்க் சான்போர்ன் என்பவர் அந்தக் குரலுக்குச் செவிகொடுத்தார். அதே ஆண்டு ஒக்ரோபரில் ஆன் பொஸ்ரன் நகரிலிருந்த பேர்க்கின்ஸ் பார்வையற்றோர் கல்லூரியில் சேர்க்கப்பட்டார். அப்போது அவருக்குப் பதினான்கு வயது. தன் பெயரைக்கூட எழுதத் தெரியாது.

பேர்க்கின்ஸில் அவர் நல்ல பிள்ளை என்று பெயரெடுக்கவில்லை. வசதியான குடும்பங்களிலிருந்து வந்த மாணவிகள் அவருடைய அறியாமையைப் பார்த்துச் சிரித்தார்கள். அவரும் வாய்க்கு வாய் பதில் கொடுத்தார். ஆசிரியர்களோடு மோதினார். பாடசாலையை விட்டு நீக்கப்படும் நிலைக்கும் வந்தார். ஆனால் அங்கேதான் அவர் கல்வியைப் பிடித்துக்கொண்டார். 1881, 1882ஆம் ஆண்டுகளில் செய்யப்பட்ட சத்திரசிகிச்சைகளால் அச்சு எழுத்தை வாசிக்கும் அளவுக்குப் பார்வையும் ஓரளவு மீண்டது. அதே கல்லூரியில் லோரா பிரிட்ஜ்மன் என்ற முதிய பெண்மணி வாழ்ந்துவந்தார். பார்வையும் செவிப்புலனும் இல்லாத அவருக்கு, டொக்ரர் சாமுவேல் ஹௌ பல ஆண்டுகளுக்கு முன்னர் விரல் எழுத்தின் மூலம் மொழியைக் கற்பித்திருந்தார். ஒரு கையின் விரல்களால் எழுத்துக்களைக் காட்ட, மற்றவர் அதைத் தன் உள்ளங்கையில் தொட்டு உணர்வதே விரல் எழுத்து. ஆன் அதைக் கற்று லோராவோடு உரையாடப் பழகினார். 1886இல் தன் வகுப்பில் முதல்நிலை மாணவியாகத் தேறினார்.

தேறியபின் போக வீடில்லை, உழைக்கத் தொழிலில்லை. அப்போது அலபாமா மாநிலத்தின் ரஸ்கம்பியா என்ற சிற்றூரிலிருந்து ஒரு கடிதம் கல்லூரிக்கு வந்தது. கப்டன் ஆதர் கெலர் என்பவர் தன் மகளுக்கு ஓர் ஆசிரியை தேடிக்கொண்டிருந்தார். 1880 யூன் 27இல் பிறந்த ஹெலன், பத்தொன்பதாவது மாதத்தில் வந்த கடும் காய்ச்சலில் பார்வையையும் செவிப்புலனையும் இழந்திருந்தாள். அது மூளைக்காய்ச்சலாக இருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் பலர் கருதுகிறார்கள். தொலைபேசியைக் கண்டுபிடித்தவராக நாம் அறிந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல், செவிப்புலனற்றோரின் கல்வியிலும் ஈடுபட்டவர். பேர்க்கின்ஸ் கல்லூரிக்கு எழுதும்படி கெலர் குடும்பத்தாருக்கு வழிகாட்டியவர் அவரே. கல்லூரியின் பணிப்பாளர் மைக்கல் அனக்னோஸ் ஆனின் பெயரைச் சிபாரிசு செய்தார். மாதச் சம்பளம் 25 டொலர்.

1887 மார்ச் 3ஆம் திகதி ஆன் ரஸ்கம்பியாவில் வந்து இறங்கினார். அவருக்கு இருபது வயது. ஹெலனுக்கு ஏழு வயது நிரம்ப இன்னும் நான்கு மாதம் இருந்தது. அந்த வீட்டில் ஆட்சி நடத்தியவள் ஹெலன்தான். ஒருமுறை தாயைக் களஞ்சிய அறைக்குள் வைத்துப் பூட்டிவிட்டாள். புதிய ஆசிரியையையும் வந்த சில நாட்களில் மேல்மாடி அறைக்குள் வைத்துப் பூட்டித் திறப்பை ஒளித்துவிட்டாள். ஏணி வைத்து, யன்னல் வழியாகத்தான் அவரை இறக்கினார்கள். சாப்பாட்டு வேளையில் மேசையைச் சுற்றிவந்து எல்லோருடைய கோப்பையிலும் கையை விட்டு விரும்பியதை எடுத்துத் தின்பாள். எவரும் தடுப்பதில்லை. பாவம், கண்ணும் இல்லை, காதும் இல்லை, இதையாவது விட்டுவிடுவோம் என்பது அந்த வீட்டின் தீர்மானமாக இருந்தது.

ஆன் தன் கோப்பைக்குள் கைவிட ஹெலனை அனுமதிக்கவில்லை. ஹெலன் நிலத்தில் விழுந்து உதைத்து அலறினாள். ஆன் வீட்டாரை வெளியே அனுப்பிவிட்டுக் கதவைப் பூட்டினார். கிள்ளும் உதையும் வாங்கிக்கொண்டு தன் காலை உணவைச் சாப்பிட்டார். ஹெலன் நாற்காலியில் அமர்ந்து கரண்டியால் சாப்பிடும்வரை விடவில்லை. சாப்பிட்டு முடிந்தபின், கழுத்தில் கட்டியிருந்த துணியை மடித்து வைக்கச் செய்வதற்கு இன்னொரு மணித்தியாலப் போராட்டம். எல்லாம் முடிந்து பிள்ளையை வெயிலுக்கு விளையாட விட்டபின், ஆன் மேலே தன் அறைக்குப் போய்க் கட்டிலில் விழுந்து அழுதார். என் சிறுவயதில் இந்த இடத்தை நான் கவனிக்கவே இல்லை. கண்டிப்பான ஆசிரியை கதவைச் சாத்திவிட்டு அழுவார் என்று பதினேழு வயதில் யாருக்குத் தோன்றும்?

வீட்டார் குறுக்கிடும்வரை எதுவும் நடவாது என்று கண்ட ஆன், துணிந்து ஒரு கோரிக்கை வைத்தார். வீட்டிலிருந்து கால் மைல் தூரத்தில் தோட்டத்தில் ஒரு சிறிய குடில் இருந்தது. அங்கே தானும் ஹெலனும் தனியாக இருக்க வேண்டும். பெற்றோர் நாளாந்தம் வந்து பார்க்கலாம், ஆனால் பிள்ளைக்கு அது தெரியக்கூடாது என்று கேட்டார். இருபது வயதுப் பெண், சம்பளத்துக்கு வந்தவர், திரும்பிப் போக வீடில்லாதவர் இப்படிக் கேட்டார் என்பதை நினைத்துப் பாருங்கள். அவர்கள் மறுத்திருந்தால் அடுத்த வண்டியில் அவர் புறப்பட வேண்டியிருந்திருக்கும். பெற்றோர் தயக்கத்தோடு சம்மதித்தார்கள். இடம் தெரியாதிருக்க ஹெலனை வண்டியில் சுற்றிக் கூட்டிவந்தார்கள். முதலிரவில் அவளைப் படுக்க வைக்கவே ஏறத்தாழ இரண்டு மணித்தியாலம் பிடித்தது.

அந்த இரண்டு வாரத்தில் ஹெலன் அமைதியடைந்தாள். மணி கோர்த்தாள், பின்னல் பழகினாள். ஆன் உள்ளங்கையில் எழுதிய எழுத்துக்களைத் திருப்பி எழுதினாள். பொருள் இன்னும் விளங்கவில்லை. அது அவளுக்கு விரல் விளையாட்டு. ஒரு நாள் தந்தை வீட்டு நாயைக் கூட்டிவந்தபோது, ஹெலன் அதன் முன்னங்காலைப் பிடித்து, பொம்மை என்ற சொல்லின் எழுத்துக்களை அதற்குப் பழக்கத் தொடங்கினாள். வந்து சில வாரமே ஆன ஆசிரியையின் முதல் அறுவடை இது. தான் பெற்றதை இன்னொரு உயிருக்குக் கொடுக்க அந்தப் பிள்ளைக்கு மனம் வந்திருந்தது.

வீட்டுக்குத் திரும்பியதும் ஹெலன் பழைய வழியைச் சோதித்துப் பார்த்தாள். கழுத்துத் துணியை நிலத்தில் வீசினாள். ஆன் விட்டுக்கொடுக்கவில்லை, வீட்டாரைக் குறுக்கிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மறுநாட் காலை ஆன் இறங்கி வந்தபோது ஹெலன் துணியைக் கட்டிக்கொண்டு மேசையில் இருந்தாள். வழமை போலப் பின்கழுத்தில் முடியாமல், தன் விருப்பப்படி வேறு விதமாக அணிந்திருந்தாள். ஆன் அதைத் திருத்தவில்லை. பிள்ளை தானாக வந்து கொடுத்த சமாதானத்தை அப்படியே ஏற்றுக்கொண்டார். கண்டிப்பு எங்கே நிற்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தது.

1887 ஏப்ரல் 5ஆம் திகதி நடந்ததை உலகம் அறியும். அன்று காலை, குவளையையும் தண்ணீரையும் ஒன்றோடொன்று குழப்பிய ஹெலன் ஆத்திரத்தில் பொம்மையை நிலத்தில் அடித்து உடைத்தாள், அதற்காக வருந்தவில்லை. ஆன் அவளைக் கிணற்றடிக்குக் கூட்டிச்சென்று, கைப்பம்பியிலிருந்து கொட்டும் நீரில் ஒரு கையைப் பிடித்து, மற்றக் கையில் தண்ணீர் என்ற சொல்லை எழுத்தெழுத்தாக எழுதினார். ஹெலன் அசையாது நின்றாள். உள்ளங்கையில் எழுதப்படுவது, கையில் ஓடும் இந்தக் குளிர்ந்த பொருளின் பெயர் என்பது அந்தக் கணத்தில் விளங்கியது. தொட்டதற்கெல்லாம் பெயர் கேட்டாள். அன்று மாலைக்குள் முப்பது சொற்கள் வரை கற்றாள். அவற்றுள் ஒன்று, தன்னைக் கூட்டிவந்தவரைச் சுட்டிக் கேட்டுப் பெற்ற ரீச்சர் என்ற சொல். வீட்டுக்குள் வந்ததும் உடைந்த பொம்மையின் நினைவு வந்தது. துண்டுகளைத் தேடி எடுத்துப் பொருத்திப் பார்த்தாள், முடியவில்லை. கண்ணீர் வந்தது. செய்ததற்காக வருந்தும் மனமும் சொல்லோடு கூடவே வந்தது.

கிணற்றடியில் நடந்ததை அற்புதம் என்று சொல்லிவிடலாம். ஆனால் அதற்கு முந்திய ஒரு மாதக் கண்டிப்பு இல்லாவிட்டால், அந்தப் பிள்ளை தன் கையை இன்னொருவர் பிடித்திருக்க விட்டிருக்கமாட்டாள். மருத்துவராக எனக்கு இது புதிதல்ல. பாரிசவாதம் வந்து தேறிவரும் நோயாளிக்குக் கரண்டியைக் கையில் கொடுத்துத் தானே சாப்பிடப் பழக்கச் சொல்வோம். பாதி சிந்தும், அரை மணித்தியாலம் ஆகும். மகளோ மருமகளோ பொறுக்கமாட்டாமல் ஊட்டிவிடத் தொடங்குவார்கள். வேண்டாம் என்று தடுத்தால் எங்களை இரக்கமில்லாதவர்கள் என்று பார்ப்பார்கள். ஊட்டிவிடுவது அன்புதான். ஆனால் அந்தக் கை பிறகு எழும்பாது.

ஆன் செய்தவை எல்லாவற்றையும் நான் நியாயப்படுத்தவில்லை. தொடக்க நாட்களில் அவர் உடற்பலத்தையும் பயன்படுத்தினார். கையில் அடித்ததும் உண்டு. இன்று ஓர் ஆசிரியை அப்படிச் செய்வதை நாம் ஏற்கமாட்டோம், ஏற்கவும் கூடாது. ஆனால் அடி அல்ல ஹெலனை மாற்றியது. அடித்துவிட்டு அகன்றுபோகிறவர்கள் உலகில் ஏராளம். ஆன் அகலவில்லை. 1887இல் பிடித்த அந்தக் கையை அவர் நாற்பத்தொன்பது ஆண்டுகள் விடவில்லை.

அந்த ஆண்டுகளின் சுமையைச் சுருக்கமாகவேனும் சொல்ல வேண்டும். ஹெலனுக்கு முழுமுழு வாக்கியங்களில், குழந்தையின் காதுக்குள் தாய் பேசுவது போல, நாள் முழுதும் கையில் பேசினார். 1896இல் ஹெலன் கேம்பிறிஜ் நகரில் கல்லூரி அனுமதிக்கு ஆயத்தப்படுத்தும் பாடசாலையொன்றில் சேர்ந்தபோது ஆன் அருகில் அமர்ந்து ஒவ்வொரு பாடத்தையும் கையில் எழுதினார். அதன் அதிபர் ஆதர் கில்மன், ஆன் பிள்ளையை அளவுக்கு மீறி வேலைவாங்குகிறார் என்று கருதி, இருவரையும் பிரிக்க முயன்றார். ஹெலன் மறுத்தார். தாய் வந்து பார்த்து ஆனின் பக்கமே நின்றார். இருவரும் அப்பாடசாலையை விட்டு வெளியேறித் தனியாகப் படித்தார்கள்.

1900இல் ஹெலன் ராட்கிளிஃப் கல்லூரியில் சேர்ந்தார். விரிவுரைகளை ஆன் கையில் எழுதினார். பிரெயிலில் கிடைக்காத புத்தகங்களைத் தன் நோயுற்ற கண்களால் நாளுக்கு மணிக்கணக்கில் வாசித்துச் சொன்னார். கண்வைத்தியர் எச்சரித்தார். அவர் கேட்கவில்லை. ஏதாவது பகுதியை மறுபடி வாசிக்க வேண்டுமா என்று ஆன் கேட்கும்போது, மறந்துபோயிருந்தாலும் நினைவிருக்கிறது என்று ஹெலன் பொய் சொல்லியிருக்கிறார். ரீச்சரின் கண்ணைக் காப்பாற்ற மாணவி சொன்ன பொய் அது. பரீட்சை மண்டபத்துக்குள் ஆன் அனுமதிக்கப்படவில்லை. எழுதியவை ஹெலனின் சொந்த விடைகளே. 1904இல் ஹெலன் சிறப்புநிலையில் பட்டம் பெற்றார். அத்தனை விரிவுரைகளையும் கேட்டு, அத்தனை நூல்களையும் வாசித்த ஆனுக்குப் பட்டம் இல்லை.

1905இல் ஹெலனின் சுயசரிதைக்கு உதவிய ஜோன் மேசியை ஆன் மணந்தார். அந்த மணவாழ்வு சில ஆண்டுகளில் முறிந்தது. பணத் தட்டுப்பாடு இருந்தது. பிழைப்புக்காக இருவரும் ஊர் ஊராகச் சொற்பொழிவுக்குப் போனார்கள். சில ஆண்டுகள் நாடகக் கொட்டகை மேடைகளிலும் ஏறினார்கள். 1924 முதல் பார்வையற்றோருக்கான அமெரிக்க நிறுவனத்துக்காக நிதி திரட்டினார்கள். 1929இல் ஆனின் வலது கண் அகற்றப்பட்டது. மற்றக் கண்ணும் மங்கிக்கொண்டு போனது. ரெம்பிள் பல்கலைக்கழகம் இருவருக்கும் கௌரவப் பட்டம் வழங்க முன்வந்தபோது ஆன் முதலில் மறுத்துவிட்டார்; மறு ஆண்டு, 1932இல்தான், வற்புறுத்தலின் பேரில் ஏற்றுக்கொண்டார்.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் பாதித்த செய்தி ஒன்றுண்டு. ரியூக்ஸ்பெரி விடுதியைப் பற்றியும், அங்கே இறந்த தம்பியைப் பற்றியும் ஆன் ஹெலனிடம் நீண்ட காலம் சொல்லவே இல்லை. சொன்னபோது ஹெலனுக்கு வயது ஐம்பதை அண்மித்திருந்தது. நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஒவ்வொரு சொல்லையும் தன் கையில் எழுதியவர், தன் சொந்தத் துயரத்தை மட்டும் எழுதவில்லை. இருட்டு எப்படி இருக்கும், கைவிடப்படுவது எப்படி இருக்கும் என்பது தெரிந்த ஒருவரே, ஏழு வயதுப் பிள்ளையிடம் பரிதாபம் காட்ட மறுத்தார். பரிதாபம் ஒரு மனிதரை எந்த இடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும் என்று அவர் ரியூக்ஸ்பெரியில் கண்டிருந்தார்.

1936 ஒக்ரோபர் 20ஆம் திகதி, நியூயோர்க்கின் ஃபொரஸ்ற் ஹில்ஸில், எழுபதாவது வயதில் ஆன் காலமானார். அவரது கை ஹெலனின் கைக்குள் இருந்தது. அஸ்தி வாஷிங்ரன் தேசியப் பேராலயத்தில் வைக்கப்பட்டது. ரீச்சரைப் பற்றி ஹெலன் எழுதிவந்த நூலின் கையெழுத்துப் பிரதி, 1946இல் அவரது வீடு தீப்பற்றியபோது எரிந்துபோனது. அவர் திரும்பத் தொடங்கினார். 1955இல், தன் எழுபத்தைந்தாவது வயதில், அந்த நூலை வெளியிட்டார். அதில் ஆனைத் தெய்வமாக்கவில்லை; முன்கோபத்தையும் மனச்சோர்வையும் மறைக்கவில்லை. 1968இல் ஹெலன் இறந்தபோது அவரது அஸ்தியும் ரீச்சருக்கு அருகில் வைக்கப்பட்டது.

இனி, அந்தப் பரிசுப் புத்தகத்தில் என் பெயரை எழுதிய ஆசிரியையைப் பற்றி.

1995 ஒக்ரோபர் இறுதியில் வலிகாமத்திலிருந்து நாங்கள் எல்லோரும் இடம்பெயர்ந்தோம். தென்மராட்சியில், வேறொரு பாடசாலையின் வளவில், பின்னேரங்களில் மாமரத்தின் கீழ் எங்கள் வகுப்பு நடந்தது. கொப்பி கிடைப்பதே அரிது. அந்த நிலையிலும் எங்கள் விஞ்ஞான ஆசிரியை, ஓரக்கோடு அடிமட்டம் வைத்துக் கீறவில்லை என்று பக்கத்தைத் திருப்பித் தந்தார். இதயத்தின் படத்தை நான் நான்கு முறை கீற வேண்டியிருந்தது. நாடியும் நாளமும் மாறிக் குறிக்கப்பட்டிருந்தன. பென்சிலும் கூராக இல்லை. வீடு வாசல் இழந்து வந்திருக்கிறோம், இவருக்கு ஈவிரக்கமே இல்லையா என்று அம்மாவிடம் சொல்லி அழுதேன். அம்மாவும் அதையே நினைத்தார். அந்த வெறுப்பு எனக்குப் பல ஆண்டுகள் இருந்தது.

நான் நான்காவது முறை கீறி முடிக்கும்வரை அவர் போகாமல் அந்த மரத்தடியிலேயே இருந்தார் என்பது எனக்கு அப்போதும் தெரியும். அதன் பொருள்தான் தெரியவில்லை. அவரும் எங்களைப் போல இடம்பெயர்ந்தவர்; யாரோ ஒருவர் வீட்டு விறாந்தையில் படுத்தெழும்பியவர். அவருக்கும் இருட்டுமுன் போகவேண்டிய தூரம் இருந்திருக்கும். எங்களை அகதிப் பிள்ளைகள் என்று பாவம் பார்த்து, பிழையான படத்துக்குச் சரி போட்டு அனுப்புவது அவருக்கு எவ்வளவு சுலபமாக இருந்திருக்கும்! அவர் எங்களை அகதிகளாகப் பார்க்க மறுத்தார். நாளைக்கு மருத்துவபீடத்துக்கும் பொறியியல்பீடத்துக்கும் போகப்போகும் பிள்ளைகளாகவே பார்த்தார். நள்ளிரவில் விடுதியில் குழந்தைக்குரிய மருந்தின் அளவை எழுதிவிட்டு, ஒருமுறைக்கு இருமுறை சரிபார்க்காமல் கையெழுத்து வைக்க இன்றும் என்னால் முடிவதில்லை. அந்தப் பழக்கத்தை நான் பல்கலைக்கழகத்தில் பெறவில்லை.

இதை நான் அவரிடம் சொல்லவில்லை. ஊருக்கு விடுமுறையில் வந்த போதெல்லாம் அவர் வீட்டு ஒழுங்கையைக் கடந்திருக்கிறேன். ஒருமுறை படலையடியில் வாகனத்தை மெதுவாக்கினேன். யன்னல் வெளிச்சம் தெரிந்தது. போய் என்ன சொல்வது என்ற கூச்சமும், பழைய பயத்தில் ஒரு துளியும் தடுத்தன. அடுத்த முறை வருவோம் என்று போய்விட்டேன். மேற்படிப்புக்காக வெளிநாட்டில் இருந்தபோது, பழைய மாணவிகளின் தொலைபேசிக் குழுவில் அவரது மரண அறிவித்தல் வந்தது. ஹெலனுக்கு நாற்பத்தொன்பது ஆண்டுகள் கிடைத்தன. எனக்கு ஒழுங்கை முனையிலிருந்து படலை வரையான தூரம்தான் தேவைப்பட்டது.

அன்புச் சகோதரிகளே, நூறு ஆண்டுகளில் எம்மை உருவாக்கிய ஆசிரியைகள் பலர் இன்று இல்லை. ஆனால் ஓய்வு பெற்று ஊரிலும், கொழும்பிலும், பிள்ளைகளோடு கனடாவிலும் இலண்டனிலும் அவுஸ்திரேலியாவிலும் வாழ்கிறவர்கள் இருக்கிறார்கள். கண்டிப்பானவர் என்று நாங்கள் ஒளித்தோடியவர்களும் அவர்களுள் உண்டு. இந்த மலரை வாசித்து முடித்ததும் அவர்களுள் ஒருவருக்கேனும் ஒரு தொலைபேசி அழைப்பு எடுங்கள். நாட்டிலிருப்பவர்கள் நேரில் போங்கள். அவர் உங்களை மறந்திருக்கலாம். பெயரை மாற்றிச் சொல்லலாம். நீங்கள் மெலிந்துவிட்டதாகவோ தடித்துவிட்டதாகவோ கண்டிக்கவும் கூடும். பரவாயில்லை.

எங்கள் விஞ்ஞான ஆசிரியைக்கு இந்தக் கட்டுரையைச் சமர்ப்பிக்கிறேன். அவர் கையெழுத்துள்ள அந்தப் புத்தகத்தை இப்போது என் மகள் வாசிக்கிறாள்.